முகம் காட்டாத கண்ணாடி

தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எஃகு அச்சைத் தேய்த்து முடித்ததும் குனிந்து அதன்மேல் ‘ஹா’ என்று ஒரு மூச்சு விடுவாள். மூச்சு பட்ட இடம் பனித்து, பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கலையும். கலைகிற அந்த இரண்டு மூன்று நொடிக்குள், வெறும் கண்ணுக்குத் தப்பிய கீறல்கூட வெள்ளை இழையாகத் தலைகாட்டிவிடும். நாளொன்றுக்கு நூறு ‘ஹா’வாவது விடுவாள். முதலில் ‘ஹா அக்கா’ என்றார்கள். வாய்க்குச் சோம்பல் வந்து அது ‘ஹாக்கா’ ஆயிற்று. வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பத்தொன்பது வயதில் பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்தவள். பாலிஷ் பிரிவில் ஒருவருக்குக் கையில் அடிபட்டு, ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கொள் என்று அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் இருபத்திரண்டு வருஷமாக நீண்டது. வண்டி விளக்குக்கு மேலே மூடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி, மூக்குக் கண்ணாடி எல்லாம் அங்கே அச்சில் வார்ப்பார்கள். அச்சில் ஒரு கீறல் இருந்தால், வார்க்கிற பத்தாயிரம் கண்ணாடியிலும் அந்தக் கீறல் ஏறிவிடும். அதனால் முதலில் கல், பிறகு உப்புத்தாள், அதற்கப்புறம் கம்பளித் துணியில் வைரப்பொடிக் குழம்பு, கடைசியில் பஞ்சு என்று படிப்படியாகத் தேய்ப்பாள். தன் இமைமயிரை அதில் எண்ண முடிந்தால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு.

“தினம் எட்டு மணி நேரம் உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே. அலுக்கலையா?” என்பார் அவள் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர்.

“நீங்க தினம் முன்னாடி போற வண்டியோட முதுகைப் பார்க்கறீங்களே, அதுக்கு இது தேவலாம்” என்பாள்.

நாற்பத்தோரு வயதில் அவள் பிழைப்பு வேறு பக்கம் திரும்பியது.

பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி ஆறு அலுமினியத் தகடுகளை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தார். ஹாக்காவைவிட ஐந்தாறு வயது இளையவர். தடித்த கண்ணாடியும், எப்போதும் எதையோ தேடுகிற கைகளுமாக இருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். உள்ளங்கை அளவுத் தகடுகள். “இதைவிட வழவழப்பா முடியாதுங்கற அளவுக்கு வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலுமினியம் எஃகு மாதிரி இல்லை. மெத்தென்று இருக்கும், கொஞ்சம் அழுத்தினால் கோபித்துக்கொண்டு சுருங்கும். ஆறு தகட்டுக்கும் ஒன்பது நாள் ஆயிற்று. பார்சலில் அனுப்ப மனம் வராமல், பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தானே எடுத்துப் போனாள்.

மேடம் ஒரு தகட்டிலிருந்து சின்னத் துண்டை வெட்டி, அறையை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு மைக்ராஸ்கோப்புக்குள் வைத்தார். வெளிச்சத்தால் பார்க்கிற சாதனம் இல்லையாம் அது. எலக்ட்ரானைப் பாய்ச்சிப் பார்ப்பது. திரையில் ஒரு படம் வந்தது. குண்டும் குழியுமாக, லாரி போய்ப் போய் நாசமான மண் ரோடு மாதிரி இருந்தது.

“இது எந்த ஊர் ரோடு மேடம்?” என்றாள் ஹாக்கா.

“உங்க தகடுதாங்க.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஊரை ஏமாற்றியிருக்கிறோமா என்று இருந்தது. மேடம் அவசரமாகச் சொன்னார்: “ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. இதுவரைக்கும் எங்க கைக்கு வந்ததுலயே இதுதான் வழவழப்பு. நாம பார்க்கற அளவு அப்படி. இந்தத் திரையில தெரியறது மொத்தமும் உங்க ஒரு தலைமுடியோட அகலத்துல நாப்பதுல ஒரு பங்கு.”

ஹாக்கா தன் பின்னலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, இரு விரலுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். திரும்ப முடியைப் பார்த்தாள்.

தகட்டை என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டுமே. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மறுபடி வந்து நின்றாள். அமிலம் நிரம்பிய கண்ணாடித் தொட்டியில், முலாம் போடுகிறவர்கள் தொங்கவிடுவது போலத் தகட்டைக் கம்பியில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்திருந்தார்கள். காலையிலிருந்து அப்படியே கிடந்ததாம். பார்க்க ஒரு சுவாரசியமும் இல்லை. மத்தியானம் அதை வெளியே எடுத்துக் கழுவி, மறுபடி அந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள்.

மண் ரோட்டைக் காணோம். தேன்கூடு இருந்தது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஆறு துளைகள், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசை பிசகாமல். மேடம் குமிழைத் திருகித் தகட்டை நகர்த்திக்கொண்டே போனார். துளைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு முடியின் அகலத்துக்குள் நானூறு துளை நிற்கும் என்றார்.

“யாரு மேடம் இதெல்லாம் போட்டது?”

“யாரும் போடலை.”

“மிஷினா?”

“மிஷினும் இல்லை. அமிலம் ஒரு பக்கம் அரிக்குது, இன்னொரு பக்கம் அலுமினியம் தன்மேலேயே ஒரு ஓடு கட்டிக்குது. ரெண்டும் இழுபறி பண்ணிக்கிட்டே இறங்கும்போது துளைங்க ஒண்ணையொண்ணு தள்ளி இடம் பிடிச்சுக்குது. ஆனா மேல்பரப்பு கரடுமுரடா இருந்தா வரிசை வராது. உங்க பாலிஷ் இருந்ததாலதான் இப்படி வந்திருக்கு.”

ஹாக்கா திரையை நெருங்கிப் பார்த்தாள். தான் தேய்த்துவிட்ட இடத்தில், தனக்குத் தெரியாமல், கோடிக்கணக்கான துளைகள் தாங்களாகவே பேசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், “நான் அங்கே வேலைக்குப் போறேன்” என்றாள்.

“அவங்க கூப்பிட்டாங்களா?”

“இல்லை. நான்தான் கேட்கப் போறேன்.”

கணவர் சிறிது நேரம் அவள் முகத்தையே பார்த்தார். “நம்ம கல்யாணத்தப்பக்கூட உன் கண்ணு இப்படி மின்னலையே” என்றார். அதுவே சம்மதம்.

ஒரு மாதத்தில் ஆராய்ச்சிக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தாள். தேன்கூட்டுத் தகட்டின் மேல் ஒரு பசையை ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாளை வைத்து அழுத்தி, ஊதா விளக்கைக் காட்டினால் பசை இறுகும். உரித்தெடுத்தால், ஒவ்வொரு துளைக்கும் ஓர் ஊசியாக, தாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஊசிக்காடு. வார்ப்பதும் உரிப்பதும் அவளுக்குக் கைவந்த வேலை. முதல் வாரமே கூடத்திலிருந்த படித்தவர்கள் கிழித்ததில் பாதிகூட அவள் கிழிக்கவில்லை.

அந்தத் தாளை ஒரு கண்ணாடிச் சட்டத்தின் வலது பாதியில் மட்டும் இருபுறமும் ஒட்டி, மேடம் அவள் முன்னே நிறுத்தினார். இடது பாதியில் அவள் இடது கன்னமும் ஒரு கண்ணும், மேலே இருந்த குழல்விளக்கும் தெரிந்தன. வலது பாதியில் அவள் இல்லை. கண்ணாடியும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இல்லாத இடத்தை நோக்கி விரலை நீட்டினாள். விரல் எதிலோ இடித்துக்கொண்டது.

“என் மீதி மூஞ்சி எங்கே மேடம்?”

மேடம் சிரித்துவிட்டார். “வெளிச்சம் காத்துல இருந்து கண்ணாடிக்குள்ள திடீர்னு நுழையும்போது, அந்த வாசல்ல கொஞ்சம் திரும்பிடும். அதைத்தான் நாம மூஞ்சின்னு பார்க்கறோம். இந்த ஊசிங்க வெளிச்சத்தோட அலையைவிடச் சின்னது. நுனியில காத்து நிறைய, அடியில போகப் போக பிளாஸ்டிக் நிறைய. காத்து எங்கே முடிஞ்சுது, கண்ணாடி எங்கே ஆரம்பிச்சுதுன்னு வெளிச்சத்துக்கே தெரியறதில்லை. திரும்ப இடமில்லாம உள்ளே போயிடுது.”

இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டதற்கு, ஜன்னல் ஓரம் செத்துக் கிடந்த ஒரு விட்டில்பூச்சியை மேடம் இடுக்கியால் எடுத்து வந்தார். அதன் கண்ணைத் திரையில் காட்டினார். பந்துபந்தாய் அடுக்கிய கண். ஒரு பந்தை நெருங்கப் போனால், அதன் மேல் அதே ஊசிக்காடு. வெளிச்சத்தில் கண் மின்னினால் பறவை கொத்திவிடுமாம். அதனால் மின்னாத கண். எத்தனை விட்டில்களை விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

பழக்கதோஷத்தில் அந்தச் சட்டத்தின் மேல் குனிந்து ‘ஹா’ விட்டாள். இடது பாதி வெள்ளையாகப் பனித்தது. வலது பாதியில் ஒன்றுமில்லை. மூச்சு விட்டோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று நான்கு முறை விட்டுப் பார்த்தாள். நாள்காட்டி அசையாமல் தெளிவாகவே இருந்தது.

“இந்தப் பசைக்குத் தண்ணின்னா உயிர்” என்றார் மேடம். “ஊசிக்கு நடுவுல ஈரம் பட்டதும் சொட்டுச் சொட்டா நிக்க விடாம இழுத்து மெல்லிசா பரப்பிடும். சொட்டு நின்னாத்தான் பனிமூட்டம். பரவிட்டா கண்ணாடியேதான்.”

ஹாக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கூட்டத்தில், இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பேச்சு வந்தது. கைபேசித் திரை என்றார் ஒருவர். கடை வாசல் கண்ணாடி என்றார் இன்னொருவர். எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போன பிறகு, ஹாக்கா மேடத்திடம் வந்தாள்.

“குறைமாசக் குழந்தையை வைக்கிற பெட்டிக்கு இது ஆகுமா மேடம்?”

“ஏன் கேட்கறீங்க?”

அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு நின்ற வாக்கிலேயே சொன்னாள். இருபத்துநான்கு வயதில் அவளுக்கு ஏழாம் மாசமே ஒரு பெண் பிறந்தது. தோல் சரியாக முற்றாத குழந்தை, ஈரக்காற்றில்தான் வைக்க வேண்டும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். உள்ளே ஈரம், வெளியே குளிர். பெட்டிச் சுவரெல்லாம் பனித்துக் கிடக்கும். பனிக்காத இடத்தில் மேலே எரியும் விளக்கு கண்ணைக் கூசவைக்கும். அது கூசாத கோணம் பார்த்துக் குனிந்தால் அவள் முகம்தான் தெரியும். குழந்தையைத் தூக்கக் கூடாது. ஒன்பது நாள் இருந்தது. அப்புறம் இல்லை. கடைசியில் துணியில் சுற்றிக் கொடுத்தபோது, பார்க்கும் தெம்பு அவளிடம் இல்லை.

“ஒன்பது நாளும் பக்கத்துலயேதான் நின்னேன் மேடம். ஆனா நான் பார்த்ததெல்லாம் என்னைத்தான்.”

மேடம் அன்று டீ குடிக்கப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து, “மருத்துவமனையில பேசிட்டேன், வாங்க போகலாம்” என்று மட்டும் சொன்னார்.

சிசுப் பிரிவின் தலைமை நர்ஸைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வாட்டசாட்டமானவர், குரல் மட்டும் குழந்தைகளுக்காகவே குறைத்து வைத்தது போல இருக்கும். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மா அப்பா மட்டும் இல்லைங்க, நாங்களும் டார்ச் அடிச்சுத்தான் பார்க்கறோம். குழந்தை நீலம் பாரிக்குதான்னு பார்க்கறதுக்குள்ள நமக்கு நீலம் பாரிச்சிடும்” என்றார். ஒரு பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார்.

மூன்று வாரம் கண்ணாடி இல்லாதது போலவே இருந்தது. நான்காம் வாரம் சிஸ்டர் போன் செய்தார். “உங்க அதிசயத்துக்குக் கண்ணுல புரை விழுந்திடுச்சு. வந்து பாருங்க.”

உண்மைதான். நடுவில் வெள்ளையாக மங்கியிருந்தது. துண்டு வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், புயல் அடித்து ஓய்ந்த தோப்பு மாதிரி ஊசிகள் சாய்ந்தும் ஒடிந்தும் கிடந்தன. ஒவ்வொரு ஷிஃப்டிலும் கிருமிநாசினி தொட்டுத் துணியால் அழுத்தித் துடைக்கிறார்கள்.

“துடைக்காம இருக்க முடியாதா?” என்று கேட்டார் மேடம்.

“முடியும். அப்புறம் குழந்தை இருக்காது” என்றார் சிஸ்டர்.

பசையைக் கெட்டியாக்கினார்கள். ஊசி உரிக்கும்போதே முறிந்தது. ஊசியைக் குட்டையாக்கினார்கள். முகம் திரும்ப வந்துவிட்டது. ஐந்து மாசம் இப்படியே ஓடியது. மேடம் முகத்தில் களை இல்லை. இது இனி கடைக் கண்ணாடிக்குத்தான் லாயக்கு என்று கூடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஹாக்கா அந்த ஒடிந்த தோப்புப் படத்தைத் தன் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கிய மூக்குக் கண்ணாடி வழியே தினம் பார்ப்பாள். ஒருநாள் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

“நான் படிக்காதவ. கேட்டா சிரிக்கக் கூடாது.”

“சொல்லுங்க ஹாக்கா.”

“இருபத்திரண்டு வருஷமா நான் துணியை வச்சுத் தேய்ச்சுத்தான் பிழைச்சேன். துணிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். மேடா இருக்கறது ரெண்டு இழுப்புல போயிடும். பள்ளம் போகாது மேடம். ஒரு பொட்டுப் பள்ளத்தை எடுக்க நான் அழுதிருக்கேன். சுத்தி இருக்கற இடம் மொத்தத்தையும் தேய்ச்சுக் கீழே இறக்கணும். பள்ளம்தான் எனக்கு ஜென்ம விரோதி. நாம ஏன் ஊசியை நட்டு வைக்கறோம்? பள்ளமா வச்சா, துணி மேலோட போயிடுமே. வெளிச்சத்துக்குப் பள்ளம் ஆகாதா?”

மேடம் பேனாவைத் தேடினார். காதிலேயே இருந்தது. அரை மணி நேரம் தாளில் என்னென்னவோ போட்டார். “வெளிச்சத்துக்கு வித்தியாசம் கொஞ்சம்தான்” என்றார் தனக்குத்தானே. “மேலே அகலமா, அடியில குறுகலா இருக்கற பள்ளம்னா போதும். துளைக்கு நடுவுல இருக்கற சுவரெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஒடியாது...” நிமிர்ந்தார். “ஆனா நம்ம அச்சே பள்ளமா இருக்கே. வார்த்தா ஊசிதானே வரும்?”

“அச்சுக்கு அச்சு எடுத்தாப் போச்சு” என்றாள் ஹாக்கா. “தொழிற்சாலையில தினம் பண்றதுதான். வார்த்ததையே மறுபடி அச்சா வச்சு வார்த்தா, பள்ளம் வந்துடும்.”

சொல்வது எளிது. ஊசித்தாளையே அச்சாக வைத்து வார்த்தபோது, இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல ஒன்றையொன்று விட மறுத்தன. நடுவே மிக மெல்லிய பூச்சு ஒன்று வேண்டும். தடித்தால் பள்ளம் அடைபடும். அதைச் சரியாக்க நான்கு மாதம் பிடித்தது. உரிக்கும் வேலையை ஹாக்கா வேறு யாரிடமும் விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து, தூங்குகிற பிள்ளை மேலிருந்து போர்வையை எடுப்பது போல உரிப்பாள்.

முதல் பள்ளத்தாளை மருத்துவமனைத் துணியாலும் மருத்துவமனை மருந்தாலும் இயந்திரக் கையை வைத்துத் துடைக்க விட்டார்கள். ஆயிரம். ஐயாயிரம். இருபதாயிரம் தடவை. பிறகு மேடம் அதைக் கையில் எடுத்து, “ஹாக்கா, நீங்களே விடுங்க” என்றார். அவள் ‘ஹா’ விட்டாள். பனிக்கவில்லை. மேடம் அவளைக் கட்டிக்கொண்டபோது இரண்டு பேர் மூக்குக் கண்ணாடியும் பனித்தன. அவை சாதாரணக் கண்ணாடிகள்.

பாதுகாப்புச் சோதனை, அனுமதி என்று இன்னும் ஒரு வருஷம் போயிற்று. நான்கு சுவரும் புதுத்தாள் போட்ட முதல் பெட்டியில் குழந்தை வைத்த அன்று, பெரிய சிஸ்டர் அவளை வரச் சொன்னார். கணவரும் சீருடையோடு அப்படியே வந்துவிட்டார். இருவருக்கும் மேலங்கி மாட்டி, கை கழுவ வைத்து உள்ளே விட்டார்கள்.

மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே ஈரமும் இருந்தது. ஆனால் ஹாக்காவுக்கும் குழந்தைக்கும் நடுவே எதுவும் இல்லை. ஒரு சாண் குழந்தை. தோளில் பூனைமுடி. நகம், அதுவும் அரிசி நொய்யில் பாதி இருக்குமா என்ன, பத்தும் இருந்தன. கழுத்தோரம் துடிப்பது தெரிந்தது. வாயைத் திறந்து, முகம் முழுவதையும் சுருக்கிக் கொட்டாவி விட்டது. எதிர்ப்பக்கம் நின்ற அந்தக் குழந்தையின் தாய், “பாருங்க, பாருங்க, கொட்டாவி விடறா!” என்று உலகத்தில் முதன்முதலாக யாரோ கொட்டாவி விட்டது போலச் சொன்னாள். ஹாக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது. தேன்கூட்டைத் திரையில் கண்ட அன்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாளே, இன்று தயங்காமல் கைகூப்பினாள்.

பேருந்து ஓட்டுநர் தொப்பியை மார்பில் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. “நம்ம பொண்ணுக்கு உன் மோவாய்தான்” என்றார் மெல்ல. “கடைசியில துணியை விலக்கி நான் பார்த்தேன். உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீரைத் துடைக்கவில்லை. “எப்படி இருந்தா? சொல்லுங்க” என்றாள். அவர் சொன்னார். நெற்றி, புருவம், காது என்று ஒவ்வொன்றாக, வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தும் சொன்னார். அன்று மத்தியான ஓட்டத்துக்கு வேறு ஒருவர்தான் பேருந்தை எடுத்தார்.

இப்போது அந்தப் பிரிவில் பதினான்கு பெட்டிகள் அப்படி இருக்கின்றன. கண்ணாடி இருப்பது தெரியாமல் புது நர்ஸுகள் கையை இடித்துக்கொள்வதால், மூலைக்கு மூலை மஞ்சள் பொட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறார் பெரிய சிஸ்டர். ஹாக்காவுக்கு இன்னும் திருப்தியில்லை. கையை உள்ளே விடுகிற வட்டக் கதவு வளைந்தது. தட்டைத் தாள் அதன்மேல் சுருங்கி நிற்கும். அதற்கென்று ஒரு வளைந்த அச்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் வார்ப்பு போன வாரம் ஓரத்தில் கிழிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மறுபடி ஊற்றப் போகிறார்கள்.